பவர் லிமிட் நகராத லேப்டாப்பில் ஜிபியுவை ஓவர்கிளாக் செய்ய முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது: ஆர்டிஎக்ஸ் 3060 ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) உள்ள லேப்டாப். ஓவர்கிளாக் செய்ய, அதாவது சிப்பை வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்தால் பவர் லிமிட், டெம்ப் லிமிட், கோர் வோல்டேஜ் மூன்றும் மங்கிக் கிடக்கின்றன. கோர் கிளாக்கும் மெமரி கிளாக்கும் மட்டும் நகர்கின்றன. இவற்றைக் கூட்டினால் பயன் உண்டா, இல்லை கம்பெனி வைத்த எல்லையை உடைக்க பயாஸ் (சிப்போடு வரும் அடிப்படை மென்பொருள்) வரை போய்த்தான் ஆக வேண்டுமா?

பயன் உண்டு. பயாஸைத் தொடாமலே, கிடைக்கக்கூடியதில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். ஆனால் டெஸ்க்டாப் கார்டுக்கு எழுதப்பட்ட வழிமுறைகளை அப்படியே பின்பற்றினால் நேரம்தான் வீணாகும். லேப்டாப்பில் ஜிபியுவை இழுத்துப் பிடிப்பது வாட் கணக்கு. கிளாக் எண்ணிக்கை அதன் விளைவு மட்டுமே. இது பிடிபட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப் ஜிபியுவுக்கு என்விடியா கொடுத்த வரம்பு 60 முதல் 115 வாட். அதற்கு மேல் டைனமிக் பூஸ்ட் (சிபியு மிச்சம் வைக்கும் வாட்டை ஜிபியுவுக்குத் தரும் வசதி) வழியாக 15 வாட் வரை சேரும். அந்த வரம்பில் எங்கே நிற்பது என்பதை லேப்டாப் தயாரிப்பாளர் முடிவு செய்து வீபயாஸில், அதாவது கிராஃபிக்ஸ் சிப்புக்கென்று உள்ள தனி பயாஸில், எழுதிவிடுகிறார். அதனால்தான் ஒரே ஜிபியு பெயருள்ள இரண்டு லேப்டாப்பில் ஒன்று 80 வாட்டிலும் மற்றது 130 வாட்டிலும் ஓடும். பூஸ்ட் கிளாக்கும் 1283 முதல் 1703 மெகாஹெர்ட்ஸ் வரை என்று அகலமாகப் போட்டிருக்கிறார்கள். 4060க்கு 35 முதல் 115 வாட், 4090க்கு 80 முதல் 150 வாட். இரண்டுக்கும் டைனமிக் பூஸ்ட் 25 வாட் வரை. பெட்டி மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர் என்று ஒரு வரி இருக்கும். உங்கள் எண் அதுதான், டைனமிக் பூஸ்டும் சேர்த்து.

அடுத்து, இப்போது எது தடுக்கிறது என்று பாருங்கள். ஜிபியு-இசட் மென்பொருளில் சென்சார் பக்கத்தில் பெர்ஃப்கேப் ரீசன் என்று ஒரு வரி உண்டு. கனமான கேம் ஒன்றைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு அந்த வரியைக் கவனியுங்கள். பவர் என்று காட்டினால் வாட் எல்லையில் முட்டி நிற்கிறது. தெர்மல் என்று காட்டினால் சூடு. அப்படியானால் ஓவர்கிளாக்கை ஓரமாக வைத்துவிட்டு முதலில் குளிர்விக்கும் வேலையைப் பாருங்கள். விரெல் என்று காட்டினால் வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டுவிட்டது. 3060இல் பெரும்பாலும் பவர் என்றுதான் வரும். 4050, 4060, 4070இல் பல சமயம் விரெல். 140 வாட் அனுமதி இருந்தும் 100 சொச்சம் வாட்டிலேயே நின்றுவிடும், ஏனென்றால் வோல்டேஜ் அதற்கு மேல் ஏறாது. அந்தக் கார்டுகளில் வாட்டைக் கூட்ட எவ்வளவு மெனக்கெட்டாலும் பலன் இல்லை. கிளாக் ஆஃப்செட் மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

எண்களைத் தொடுவதற்கு முன் உங்களுக்கு உரிமையான வாட் முழுதாக வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நிறையப் பேருக்கு இந்த இடத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். லெனோவா லீஜியனில் எஃப்என் விசையுடன் க்யூவை அழுத்தி விளக்கு சிவப்பாகும் வரை மாற்ற வேண்டும். அசூஸில் டர்போ, எச்பி ஓமெனில் பெர்ஃபார்மன்ஸ், ஏசரில் நைட்ரோசென்ஸ் அல்லது பிரெடட்டர்சென்ஸில் உள்ள உயர்ந்த மோடு. சைலன்ட் மோடில் வாட் பாதியாகக்கூட இறங்கும். அந்த நிலையில் கிளாக் கூட்டிப் பார்த்து மாற்றமே தெரியவில்லை என்பதில் அர்த்தமில்லை. டிவைஸ் மேனேஜரில் என்விடியா பிளாட்ஃபார்ம் கன்ட்ரோலர்ஸ் என்று ஒரு டிரைவர் இருக்கும். அது நின்றுபோயிருந்தால் டைனமிக் பூஸ்ட் வராது, 15 வாட்டோ 25 வாட்டோ சத்தமில்லாமல் காணாமல் போகும். புது விண்டோஸ் போட்டவர்கள் மறக்காமல் பார்க்க வேண்டிய இடம் இது. டைப்-சி சார்ஜரில் 100 வாட் மட்டுமே வரும்போதும் ஜிபியு முழுதாக ஓடாது. பெட்டியோடு வந்த அடாப்டரே வேண்டும். லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள், தூசியை ஊதி எடுங்கள். மக்ஸ் ஸ்விட்ச் (திரை எந்தக் கிராஃபிக்ஸ் சிப்போடு இணைவது என்று மாற்றும் வசதி) இருந்தால் டிஸ்ப்ளேயை நேரடியாக என்விடியாவுக்கு மாற்றுங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை அதிகமாக ஓடும் கேம்களில் இது மட்டுமே ஒரு நல்ல ஓவர்கிளாக்குக்குச் சமமான பலன் தரும்.

இப்போது கோர் கிளாக். ஆஃப்டர்பர்னரில் அந்தப் பட்டையை 150 கூட்டினால் உண்மையில் நடப்பது என்ன? ஜிபியுவுக்குள் ஒரு வளைகோடு இருக்கிறது: இந்த வோல்டேஜுக்கு இந்த மெகாஹெர்ட்ஸ் என்று. நீங்கள் கூட்டும் எண் அந்தக் கோடு முழுவதையும் மேலே தூக்குகிறது. வோல்டேஜ் கூடுவதில்லை, அதே வோல்டேஜில் இன்னும் வேகமாக ஓடு என்கிறீர்கள். வாட் எல்லையில் முட்டி நிற்கும் சிப் என்ன செய்யும்? சற்றுக் குறைந்த வோல்டேஜுக்கு இறங்கி, முன்பைவிடக் கூடுதல் கிளாக்கில் நிற்கும். ஆகவே லேப்டாப்பில் ஓவர்கிளாக் என்பதும் அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைத்து ஓட்டுவது) என்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். மின் செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடும்; அதே கிளாக்கை 0.95 வோல்ட்டுக்குப் பதில் 0.85 வோல்ட்டில் ஓட்ட முடிந்தால் அந்தப் பகுதிச் செலவு சுமார் 20 சதவீதம் குறையும். மிச்சமாகும் வாட்டைச் சிப் மீண்டும் கிளாக்காக மாற்றிக்கொள்ளும்.

இதனால்தான் 150 கூட்டினால் 150 கிடைப்பதில்லை. தோராயக் கணக்கு ஒன்று: வாட் எல்லையில் 0.80 வோல்ட், 1700 மெகாஹெர்ட்ஸ் என்று நிற்கிறது. கோட்டின் சரிவு 10 மில்லிவோல்ட்டுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 150 கூட்டியதும் வோல்டேஜ் 0.78க்குச் சற்றுக் கீழே இறங்கி, கிளாக் 1800ஐ ஒட்டி நிற்கும். கையில் வந்தது 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது 6 சதவீதம். ஃப்ரேமில் அதைவிடச் சற்றுக் குறைவாகத் தெரியும். வாட்டைத் தொடாமல் செய்யும் எந்த லேப்டாப் ஓவர்கிளாக்கிலும் மெமரியையும் சேர்த்து 5 முதல் 10 சதவீதம் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. 30 சதவீதம் கூடியது என்று யாராவது காட்டினால், முன்பு சைலன்ட் மோடில் அளந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறை. முதலில் எதையும் மாற்றாமல் ஒரு அளவு எடுங்கள்: 3டிமார்க் மென்பொருளின் டைம் ஸ்பை சோதனை மதிப்பெண், சராசரி கிளாக், வாட், சூடு, ஹாட்ஸ்பாட் சூடு. ஹாட்ஸ்பாட் என்பது சிப்பின் மிகச் சூடான புள்ளி. வழக்கமாகச் சராசரியைவிட 10 முதல் 15 டிகிரி கூட இருக்கும். இந்த இடைவெளி 25ஐத் தாண்டினால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. முதலில் அதைச் சரி செய்யுங்கள். பிறகு கோர் கிளாக்கை 75 கூட்டி ஒரு ஓட்டம். தாங்கினால் 30, 30 ஆக ஏற்றுங்கள். டியூரிங் (ஆர்டிஎக்ஸ் 20 வரிசை) காலத்திலிருந்து கிளாக் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில்தான் நகர்கிறது, ஆகவே 7, 8 என்று துல்லியம் பார்ப்பதில் பொருள் இல்லை. 3060 போன்றவை பெரும்பாலும் 120 முதல் 200க்குள் எங்காவது தடுமாறும். தடுமாறிய இடத்திலிருந்து இரண்டு மூன்று படி கீழே இறங்கி நில்லுங்கள்.

எங்கே தடுமாறும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபர்மார்க்கை அரை மணி நேரம் ஓட்டி, ஒன்றும் ஆகவில்லை, நிலையாக இருக்கிறது என்று முடிவு செய்கிறார்கள். ஃபர்மார்க் வாட்டை உறிஞ்சும் சோதனை. அதில் சிப் வாட் எல்லையில் மூச்சுத் திணறி வளைகோட்டின் கீழ்ப் பகுதியிலேயே கிடக்கும். உயர்ந்த கிளாக்கை அது தொடவே தொடாது. மறுநாள் ஏதோ பழைய கேமின் மெனுவில் நிற்கும்போது திரை உறைந்து போகும். சுமை லேசாக இருந்ததால் வாட் மிச்சமாகி, சிப் கோட்டின் உச்சிக்கு ஏறியிருக்கும். நீங்கள் 150 தூக்கி வைத்த அந்த உச்சியில் அதற்குத் தாங்கவில்லை. லேப்டாப்பில் ஓவர்கிளாக் உடைவது பெரும்பாலும் கனமான சுமையில் இல்லை, லேசான சுமையிலும் சுமை சட்டென்று மாறும் தருணங்களிலும்தான். அதனால் சோதனையிலும் இரண்டு வகை வேண்டும். டைம் ஸ்பையின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் 20 சுற்று, 97 சதவீத நிலைத்தன்மைக்கு மேல் வர வேண்டும். ரே டிரேசிங் உள்ள கேம் ஒன்று ஒரு மணி நேரம். பிறகு லேசான கேம் ஒன்று ஃப்ரேம் எல்லை போட்டும் போடாமலும். இடையிடையே ஆல்ட்-டேப் அடித்து வெளியே போய் வாருங்கள்.

உடைந்தது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஜிபியு இரண்டு விநாடிக்குள் பதில் தரவில்லை என்றால் விண்டோஸ் டிரைவரைத் திருப்பி எழுப்பும். திரை ஒரு கணம் கறுத்து, கேம் மூடி, டெஸ்க்டாப் வரும். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு டிஸ்ப்ளே டிரைவர் நின்று மீண்டது என்று பதிவாகியிருக்கும். எழுப்பவே முடியவில்லை என்றால் நீலத் திரை. ஒரு முறை இப்படி ஆனபின் கணினியை ரீஸ்டார்ட் செய்யாமல் அடுத்த சோதனைக்குப் போகாதீர்கள். அரைகுறையாக மீண்ட டிரைவர் தரும் மதிப்பெண்ணை நம்ப முடியாது. விண்டோஸ் தொடங்கும்போதே அமைப்பை ஏற்றும் பொத்தானை ஒரு வாரமாவது அழுத்தாமல் விடுங்கள். அமைப்பை ஒரு ப்ரொஃபைல் எண்ணில் சேமித்துக் கையால் ஏற்றிக்கொண்டால், தவறான அமைப்போடு பூட் ஆகி மாட்டிக்கொள்ளும் தொல்லை இருக்காது.

லேசான சுமையில் உடைவதைத் தடுக்க வளைகோட்டையே திருத்த வேண்டும். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல் விசையுடன் எஃப் அழுத்தினால் கோடு திறக்கும். இணையத்தில் சுற்றும் வழக்கமான முறை இப்படி: மொத்தக் கோட்டையும் 200, 300 என்று கீழே இறக்கிவிட்டு, 0.85 வோல்ட் புள்ளியை மட்டும் பிடித்து மேலே இழுத்து, அப்ளை கொடு, வலப்பக்கம் சமதளமாகிவிடும். டெஸ்க்டாப்புக்கு இது ஓரளவு சரி. லேப்டாப்பில் இது காலை வாரும். வாட் எல்லையில் முட்டும் சிப், 0.85இல் நிற்காமல் 0.78, 0.75 என்று இறங்கும். அங்கே கோடு 300 இறக்கப்பட்டுக் கிடக்கிறது. கனமான காட்சி வந்ததும் கிளாக் அதலபாதாளத்தில் விழும். அண்டர்வோல்ட் செய்ததும் ஃப்ரேம் குறைந்துவிட்டது என்ற புகார்களில் பாதி இதனால் வருவது.

சரியான வழி தலைகீழ். முதலில் கோர் பட்டையால் மொத்தக் கோட்டையும் நீங்கள் கண்டுபிடித்த அளவுக்குத் தூக்குங்கள், 135 என்று வைப்போம். அப்ளை. பிறகு கோட்டைத் திறந்து, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு, 0.875 வோல்ட்டுக்கு வலப்பக்கம் உள்ள காலி இடத்தில் மவுஸை இழுத்தால் அந்தப் பகுதிப் புள்ளிகள் மொத்தமாகத் தேர்வாகும். அவற்றில் ஒன்றைப் பிடித்துக் கீழே தள்ளுங்கள்; தேர்வானவை எல்லாம் 0.875 புள்ளியின் உயரத்துக்குக் கீழே போக வேண்டும். அப்ளை கொடுத்ததும் வலப்பக்கம் சமதளமாக நேர்கோடாகும். இப்போது கீழ்ப்பகுதி முழுவதும் தூக்கிய நிலையிலேயே இருக்கிறது, வாட் எல்லையில் அது உதவும். உச்சி வெட்டப்பட்டுவிட்டது, மெனுவில் ஏறிப் போய் விழாது. ஃபேன் சத்தமும் குறையும், அது தனி லாபம். உச்சியை வெட்டியபின் கீழ்ப்பகுதியை இன்னும் இரண்டு மூன்று படி தூக்க முடிகிறதா என்று பாருங்கள். பல சிப்களில் முடியும், ஏனென்றால் முதலில் உடைந்தது உச்சிதானே.

இதில் ஒரு நுணுக்கம். அந்தக் கோடு சூட்டைப் பொறுத்து தானாக ஏறி இறங்கும். சில டிகிரிக்கு ஒருமுறை ஒரு 15 மெகாஹெர்ட்ஸ் படி. சிப் 45 டிகிரியில் இருக்கும்போது வரைந்த 1905, கேமில் 80 டிகிரியில் 1875 ஆகத் தெரியும். பிழை ஒன்றும் இல்லை. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சிப் சூடாக இருக்கையில் கோட்டைத் திருத்துங்கள். வரைந்ததும் கிடைப்பதும் ஒத்துப்போகும். இதே காரணத்தால், சூட்டை 10 டிகிரி குறைத்தால் எதையும் கூட்டாமலே ஒன்றிரண்டு படி கிடைக்கும்.

மெமரிக்கு வருவோம். 3060இல் ஜிடிடிஆர்6, 14 கிகாபிட் வேகம், 192 பிட் பாதை; கணக்குப்படி விநாடிக்கு 336 கிகாபைட். இதையே ஆஃப்டர்பர்னர் 7000 என்று காட்டும், ஜிபியு-இசட் 1750 என்று காட்டும். இரண்டு திரையையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். ஆஃப்டர்பர்னரில் 500 கூட்டினால் 15 கிகாபிட், 360 கிகாபைட். 200இல் தொடங்கி 100, 100 ஆக ஏற்றிப் பாருங்கள். திரையில் மின்மினிபோல் புள்ளிகள், சதுரக் கட்டங்கள், எங்கிருந்தோ நீளும் முக்கோணங்கள் தெரிந்தால் மெமரி தாங்கவில்லை. சில கார்டுகளில் இந்த அறிகுறி வருவதற்கு முன்பே மதிப்பெண் குறையத் தொடங்கும், அதனால் ஒவ்வொரு படியிலும் மதிப்பெண்ணை எழுதி வையுங்கள்; ஏறுவது நின்ற இடத்திலிருந்து 100, 200 கீழே வருவது நல்லது. ஓசிசிடி மென்பொருளில் உள்ள விராம் (ஜிபியு மெமரி) சோதனை இதற்கு உதவும்.

மெமரியும் அதே வாட் பையிலிருந்துதான் செலவழிக்கிறது. 80 வாட் லேப்டாப்பில் மெமரியை நிறையக் கூட்டினால் கோர் ஒரு படி இரண்டு படி இறங்குவதைக் காணலாம். கோரை முடித்துவிட்டு மெமரி, பிறகு இரண்டையும் சேர்த்து மறுபடி ஒரு அளவு என்ற வரிசை அதனால்தான். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது: ஜிடிடிஆர்6 உள்ள என்விடியா லேப்டாப்களில் மெமரிச் சூட்டை வழக்கமான மென்பொருள்கள் பெரும்பாலும் காட்டாது. கோர் 75 டிகிரியில் இருக்கிறது என்பதை வைத்து மெமரியும் சுகம் என்று சொல்ல முடியாது, குறிப்பாக மெமரி சிப்கள் மேல் ஹீட் பைப் நேரடியாகப் போகாத மாடல்களில். 800, 1000 என்று கூட்டி, வெயில் காலத்தில் ஓட்டுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிபியுவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரும்பாலான லேப்டாப்களில் இரண்டுக்கும் ஒரே ஹீட் பைப் கூட்டம், டைனமிக் பூஸ்டும் சிபியு மிச்சம் வைத்தால்தான் ஜிபியுவுக்கு வாட் தரும். கேமில் சிபியு 90 வாட் இழுத்துக்கொண்டிருந்தால் ஜிபியுவுக்குச் சேர வேண்டிய 15 வாட் சேராது. பவர் ஆப்ஷன்ஸில் அதிகபட்சச் செயலி நிலையை 99 சதவீதமாக்கினால் சிபியுவின் டர்போ (தானாக ஏறும் கூடுதல் வேகம்) நின்றுவிடும். முரட்டு வழி, ஆனால் சோதித்துப் பார்க்க நல்லது. ஜிபியு சூடு 5 டிகிரியோ அதற்கு மேலோ இறங்கினால், சிபியு வாட் எல்லையைத் தயாரிப்பாளரின் மென்பொருளிலோ த்ராட்டில்ஸ்டாப் என்ற சிபியு கருவியிலோ 45 வாட் சுற்றி வைப்பது உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்தும்.

இனி எல்லையைத் தாண்டும் கதை. இதிலும் படிகள் உண்டு, எல்லாம் ஒரே அளவு ஆபத்து கிடையாது. முதல் படி, தயாரிப்பாளர் அனுமதித்தும் ஒளித்து வைத்ததை எடுப்பது. லீஜியன்களுக்கு லெனோவா லீஜியன் டூல்கிட்டின் கஸ்டம் மோடில் ஜிபியு வாட்டையும் டைனமிக் பூஸ்ட்டையும் தனித்தனியாக வைக்கலாம். அசூஸுக்கு ஜி-ஹெல்பரில் டைனமிக் பூஸ்ட்டும், 75 முதல் 87 டிகிரி வரை சூட்டு இலக்கும் உண்டு. இவை வீபயாஸ் எல்லைக்குள்ளேயே நடக்கும் வேலை, தயங்காமல் செய்யலாம்.

அடுத்தது வீபயாஸ் மாற்றம். ஜிடிஎக்ஸ் 900 வரிசை வரை கோப்பைத் திறந்து வாட் எண்ணைத் திருத்தி எழுத முடிந்தது. அந்தக் காலத்திலேயே, 2015 பிப்ரவரியில், லேப்டாப் ஓவர்கிளாக்கை டிரைவர் வழியாகவே பூட்டிப் பார்த்த என்விடியா, எதிர்ப்பு கிளம்பியதும் திருப்பித் தந்தது. 2016இல் பாஸ்கல் (ஜிடிஎக்ஸ் 10 வரிசை) வந்ததிலிருந்து வீபயாஸ் டிஜிட்டல் முறையில் கையெழுத்திடப்பட்டு வருகிறது. 3060 போன்றவற்றில் கோப்பைத் திருத்தினால் சிப் ஏற்காது. மிச்சமிருக்கும் வழி, அதே ஜிபியு உள்ள வேறொரு லேப்டாப்பின் கூடுதல் வாட் வீபயாஸை என்விஃப்ளாஷ் (வீபயாஸைப் படித்து எழுதும் கருவி) மூலம் ஏற்றுவது. 80 வாட் 3060இல் 115 வாட் கோப்பு, இப்படி. வேலை செய்தால் பலன் பெரிது, ஓவர்கிளாக்கில் எட்டவே முடியாத அளவு.

ஆனால் என்னென்ன கெடும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். எந்தத் திரைப் போர்ட் எங்கே இணைகிறது என்ற அட்டவணையும் வீபயாஸில் இருக்கிறது; வேறு போர்டின் கோப்பைப் போட்டால் எச்டிஎம்ஐ செத்துப்போகலாம், மக்ஸ் மாற்றினால் உள் திரையும் கறுக்கலாம். உங்கள் மெமரி சிப் சாம்சங்காக இருந்து கோப்பில் ஹைனிக்ஸ், மைக்ரான் டைமிங் மட்டும் இருந்தால் படமே வராது. டைனமிக் பூஸ்ட் நிற்கலாம். தயாரிப்பாளர் சிஸ்டம் பயாஸுக்குள்ளேயே வீபயாஸைப் பொதித்து வைத்திருக்கும் மாடல்களில் இந்த வழியே கிடையாது. செய்வதென்றால் பழைய கோப்பை என்விஃப்ளாஷிலேயே சேமித்து வேறொரு டிரைவிலும் வையுங்கள். அடாப்டர் இணைத்து, டிவைஸ் மேனேஜரில் ஜிபியுவை டிசேபிள் செய்து, லேப்டாப் ஹைப்ரிட் மோடில் (திரை சிபியுவோடு உள்ள கிராஃபிக்ஸ் வழியாக ஓடும் நிலை) இருக்கும்போதுதான் ஃப்ளாஷ் செய்ய வேண்டும். அப்போதுதான் தவறினாலும் சிபியுவோடு உள்ள கிராஃபிக்ஸில் திரை வரும், பழையதைத் திருப்பி எழுதலாம். அதுவும் முடியாமல் போனால் பயாஸ் சிப்பில் நேரடியாக எழுதும் சிஎச்341ஏ ப்ரோகிராமரும் எட்டுக்கால் கிளிப்பும் வேண்டும். வீபயாஸ் சிப்கள் பல 1.8 வோல்ட், 1.8 வோல்ட் அடாப்டர் இல்லாமல் கிளிப்பை மாட்டினால் காப்பாற்ற வந்த கருவியே சிப்பைக் கொல்லும். சிப் மேல் உள்ள எண்ணைப் படித்து டேட்டாஷீட்டைப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

கடைசிப் படி ஷன்ட் மாற்றம். ஜிபியுவுக்குப் போகும் மின்சாரத்தை அளக்க போர்டில் மிகச் சிறிய மின்தடைகள் இருக்கும். ஆர்005 என்று எழுதியிருந்தால் 5 மில்லிஓம். அதன் மேல் 15 மில்லிஓம் ஒன்றைச் சால்டர் செய்தால் மொத்தம் 3.75, சிப் உண்மையின் 75 சதவீதத்தை மட்டுமே காணும், 115 வாட் எல்லை நிஜத்தில் 153 ஆகும். 8 மில்லிஓம் வைத்தால் 187. 5 மேல் 5 என்றால் இரட்டிப்பு. அந்த அளவுக்குப் போகவே கூடாது. அளவு மிகக் குறைவாகத் தெரிந்தால் கோளாறு என்று எண்ணி அடிமட்டக் கிளாக்கில் ஒதுங்கும் கார்டுகளும் உண்டு. அடாப்டர் கணக்கையும் போடுங்கள்: ஜிபியு 130, சிபியு 45, திரை, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் 25 என்றால் 200 வாட். 230 வாட் அடாப்டரில் மிச்சம் 30. ஷன்ட் செய்து ஜிபியுவை 170க்கு ஏற்றினால் 240. பற்றாக்குறை பேட்டரியிலிருந்து போகும், செருகியிருக்கும்போதே சார்ஜ் இறங்கும், பிறகு ஜிபியு தடாலென்று விழும். மேலும் 80 வாட்டுக்கென்று கட்டிய போர்டில் விஆர்எம் (சிப்புக்கு வோல்டேஜ் தரும் சுற்று) கட்டங்கள் எண்ணிக்கையிலேயே குறைவாக இருக்கும்; அவற்றின் மேல் சூட்டைக் கடத்தும் பேட் கூட இல்லாத மாடல்கள் உண்டு. வாரண்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வாட்டைக் கூட்டும் எவருக்கும் பேஸ்ட் வேலை கட்டாயம். சாதாரணப் பேஸ்ட் லேப்டாப் சிப்பில் சில மாதங்களில் ஓரத்துக்கு ஒதுங்கும். பிடிஎம்7950 போன்ற உருகும் தகடுகள் நிலைத்து நிற்கும். லிக்விட் மெட்டலில் காலியம் இருக்கிறது, அலுமினியத்தைத் தின்றுவிடும். பேட் மாற்றும்போது பழையதன் தடிமனை அளக்காமல் புதியதை வெட்டாதீர்கள்: அரை மில்லிமீட்டர் கூடினால் ஹீட்சிங்க் சிப்பை விட்டு எழும்பி, ஹாட்ஸ்பாட் 100ஐத் தாண்டும். தடிமன் தெரியவில்லை என்றால் தெர்மல் புட்டி பாதுகாப்பு.

ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ஆர்எக்ஸ் 6000எம் வரிசையில் மோர்பவர்டூல் என்ற கருவி விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பவர் அட்டவணை எழுதி வாட்டை ஏற்றும், ஃப்ளாஷ் தேவையில்லை, 7000 வரிசையில் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

கேட்டவரின் 3060க்கு: கன்ட்ரோல் பேனலில் 115 அல்லது 130 வாட் காட்டினால் வீபயாஸ் பக்கம் போகவே வேண்டாம், கோர் 120 சுற்றித் தொடங்கி, உச்சியை 0.875இல் வெட்டி, மெமரி 400 வைத்துப் பாருங்கள். 80 வாட் காட்டினால், ஹாட்ஸ்பாட் 85க்குக் கீழே நிற்கும் பட்சத்தில் மட்டும் வீபயாஸைப் பற்றி யோசியுங்கள். டிரைவரைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கோட்டைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள், சில சமயம் பழைய நிலைக்குப் போயிருக்கும். பேட்டரியில் ஓட்டும்போது ஆஃப்டர்பர்னரை முழுதாக மூடிவிடுங்கள். அது நொடிக்கு நொடி சென்சாரைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஹைப்ரிட் மோடில் என்விடியா சிப் தூங்கப் போகாது, பேட்டரி கரையும்.